கல்கி யார், கல்கி எது?

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வெளிவந்தது. இவ்வாக்கியத்தில் முதலில் வரும் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, அடுத்து வருவது, 1941இல் அவர் சதாசிவத்தோடு சேர்ந்து தொடங்கிய இதழ். வாசகருக்கு இதில் தடுமாற்றமே இல்லை. நூற்பட்டியலைத் துழாவும் கணினிக்கோ இரண்டும் ஒரே மூன்றெழுத்து. திருமாலின் பத்தாவது அவதாரமும் அதே மூன்றெழுத்துதான்.

இக்குழப்பத்தைத் தீர்க்க வல்லது இணைப்புத் தரவு என்னும் முறை. டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் அதன் விதிகளை எழுதி வைத்தார். பெயரை வெறும் எழுத்துக்கோவையாகப் பதியாமல், ஆசிரியருக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று, நாவலுக்கு ஒன்று என இணையத்தில் தனித்தனி முகவரி தருவது. பிறகு அம்முகவரிகளைச் சிறு வாக்கியங்களால் கோப்பது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பள்ளி இலக்கணத்தில் படித்தோமே, அவ்வளவுதான். சுவீடனின் தேசிய நூலகம் 2018இல் தன் கூட்டுப்பட்டியலையே இம்முறைக்கு மாற்றிக்கொண்டது.

நூலக அறிவியல் மாணவர்களுக்கு இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் கணினிப் பாடமாக அல்ல. ஸ்பார்க்கிள் வினாமொழியின் கட்டளைகளை உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வருபவரால் நூலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. புனைபெயர்களிலிருந்து தொடங்கட்டும். சொ. விருத்தாசலம் கதைகளுக்குப் புதுமைப்பித்தன்; கவிதைகளுக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை. போதாக்குறைக்கு, கடவுளைச் சந்திக்கும் கந்தசாமிப் பிள்ளை அவருடைய புகழ்பெற்ற கதைமாந்தர்! இவர்களில் யார் யார் ஒருவர், யார் வேறு என்பதைப் பழைய இதழ்களைப் புரட்டி, சான்றோடு நிறுவுவதுதான் உண்மையான பயிற்சி. முகவரி கொடுப்பது அதன்பின் சில நிமிட வேலை. முன்னெழுத்தும் இயற்பெயரும் மட்டுமே உடைய தமிழரை, குடும்பப் பெயரை முன்வைக்கும் மேலைநாட்டுப் படிவத்தில் எப்படி அடைப்பது என்ற கேள்வியும் அப்போதுதான் உறைக்கும்.

இச்சிந்தனை நமக்கு அயலானதுமல்ல. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில், ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து நிறுத்தற்குறிகளால் இணைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றல்ல, எனினும் அவரைப் படித்த மாணவர் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

கணினியே இல்லாத ஊர்ப்புற நூலகத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு எவரும் கட்டணமின்றித் திருத்தக்கூடியது. பழக ஒரு கைப்பேசி போதும். நாம் செய்யாவிட்டால் வேலை நின்றுவிடப்போவதும் இல்லை. தமிழ் எழுத்தாளர்களை, தமிழ் படிக்கத் தெரியாத யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், ரோமன் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரோடொருவர் ஒட்டிவைக்கும். நூலட்டையில் நேர்ந்த பிழை அந்த இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. இங்கே நேரும் பிழையோ, அதை நம்பி எடுத்தாளும் பட்டியல்களுக்கெல்லாம் தொற்றும்.

எங்களுக்கு அச்சம் தருவது இன்னொன்று. புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதும் பெண் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இவரே அவர்' என்று ஒரு வாக்கியத்தைப் பதிய ஒரு நிமிடம் போதும். அது பிற பட்டியல்களுக்குப் படியெடுக்கப்பட்ட பின், அழிக்க முயல்வது கொட்டிய நெல்லைப் பொறுக்குவது போல. வாழும் எழுத்தாளர் தாமே வெளிப்படுத்தியிருந்தாலன்றி அவ்விரு முகவரிகளையும் இணைக்கலாகாது என்னும் பாடத்தை ஸ்பார்க்கிளுக்கு முன்பாகவே, முதற்பருவத்திலேயே வைத்துவிட வேண்டும்.