குள்ளர் வீடுகளுக்கு நடுவே ஒரு நடை

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பீமன்மடவு அருவியில் குளித்து, ஏரியில் படகு விட்டு, காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை கீழ்சேப்பிலிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜமுனாமரத்தூரில் 'குள்ளர் குகை' என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

குன்றேறினால் ஒரு குட்டி ஊரே தெரியும். சுற்றிலும் பலகைக் கல், மேலே கல் கூரை, ஒரு பக்கம் வட்டமாய்த் துளை. பார்த்தால் வாசல் என்றே தோன்றும். குள்ள மனிதர்கள் குடியிருந்தார்கள் என்ற கதையும் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். உண்மையில் இவை, 2000 ஆண்டுகளுக்கும் முன்பு, இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகள். கிரேன் இல்லாத காலத்தில் அந்தக் கூரைக் கல்லை எத்தனை பேர் தூக்கினார்களோ!

தென்கொரியாவிலும் இப்படிக் கல்திட்டைகள் உண்டு. கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஆகிய மூன்று இடங்களில் இருப்பவற்றை யுனெஸ்கோ 2000-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் ஊரிலோ இத்தகைய திட்டைகளுக்குப் புதையல் ஆசைதான் பெரிய எமன். தோண்டினால் கிடைப்பது பானை ஓடும் எலும்பும் இரும்புத் துண்டும்தான். ஆனால் ஒரு பலகை சாய்ந்தால் கூரையும் சேர்ந்து விழும்.

செல்ஃபிக்காகப் பிள்ளைகளைக் கூரைக் கல்மேல் ஏற்றாதீர்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும். இறங்கும் வழியில் சாமை அரிசியும் தேனும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்டிவிடுங்கள்.