கைவேலைப் பக்கம்: கன்வஸ் தையலுக்குச் சட்டம் போட என்ன வாங்கலாம்?



சில வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், பசறையிலிருந்து என் சின்னம்மா ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். பைக்குள் கம்பளி நூலால் தைத்த கன்வஸ் ஒன்று மடித்துக் கிடந்தது. ஒரு வீடு, பக்கத்தில் ஒரு மரம். மற்ற மரத்துக்குக் கோடு மட்டுந்தான் இருந்தது. ஊசி அப்படியே குத்தியிருந்தது.

1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. தைத்தது மகள். 2009இல் அவளை இழந்து, முகாமில் இருந்து, பிறகு ஊருக்குத் திரும்பியபோதும் இந்தப் பையைக் கைவிடவில்லை.

பட்டணத்துக் கடை ஒன்றில் கேட்டாராம். “தைக்காத இடத்தை வெட்டிவிட்டு, பலகையில் பசை போட்டு ஒட்டித் தாறோம்” என்றார்களாம். சின்னம்மா பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். “நீயே செஞ்சு குடு தாயி, ஒண்ணும் வெட்டாத” என்றார்.

எனக்கும் பசை பிடிக்காது. நாளாக ஆக மஞ்சளாகி இறுகிவிடும், பிறகு துணியைக் கிழிக்காமல் கழற்ற முடியாது. ஆகவே நூலால் இழுத்துக் கட்டுவதென்று முடிவு செய்தேன். அதற்குத் தையலைச் சுற்றி இரண்டு அங்குலமாவது வெறும் கன்வஸ் வேண்டும். கடைக்காரர் வெட்டச் சொன்ன இடம் இதற்குத்தான் உதவியது.

பலகைக்கு ஹார்ட்போர்ட் வாங்கினேன். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை வீட்டில் கிடந்தது, ஆனால் அது ஈரத்தில் ஊதும், ஆணித் துருவும் இருந்தது. சாதாரண காட்போட் மலிவுதான். அதில் இருக்கும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். ஹார்ட்போர்ட்டிலும் அந்தக் குணம் உண்டு என்பதால் வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றித் தைத்தேன். புதுத் துணியானால் முதலில் வெந்நீரில் இரண்டு தடவை அலசுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும்.

ஊசி விஷயத்தில் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் இரண்டு குண்டூசியைக் குத்தி ஓரிரவு வையுங்கள். காலையில் துருக்கறை தெரிந்தால் வேண்டாம். சின்னம்மாவின் கன்வஸில் பழைய ஊசி இருந்த இடத்தில் கறை ஏறியிருந்தது. அதை நான் தேய்க்கவில்லை.

இழுத்துக் கட்டப் பொத்தான் தைக்கும் தடித்த பருத்தி நூல் போதும். நைலோன் நூல் வழுக்கும், கன்வஸ் இழையையும் அறுக்கும். நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிர் ஓரங்களை அரை அங்குலத்துக்கு ஒரு தடவை இழுத்துக் கட்ட வேண்டும். முதலில் குண்டூசியால் ஓரத்தில் குத்தி, கோணல் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோணலை நிமிர்த்தக் கன்வஸை நனைப்பது வழக்கம். ஈர வெள்ளைத் துணியை நூலின் மேல் அழுத்திப் பார்த்தேன், சிவப்பு ஒட்டியது. அதனால் நனைக்கவில்லை. சுத்தமான இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு கிழமை விட்டேன். முழுதும் நேராகவில்லை. பரவாயில்லை.

கம்பளித் தையலுக்குக் கண்ணாடி கட்டாயமில்லை. ஆனால் லயத்து அறையில் அடுப்புப் புகை படியும். கண்ணாடி போடுவதானால் அது தையலைத் தொடக்கூடாது, தொட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய மரச்சலாகை வைத்தால் இடைவெளி கிடைக்கும். மலிவான சட்டம் போதும், மிச்சக் காசைத் துணிக்கும் நூலுக்கும் போடுங்கள்.

இன்னொன்று, காலம். ஊவாவில் ஆடி, ஆவணியில் வீசும் காய்ந்த காற்றுதான் கொழுந்துக்கு வாசம் தருகிறது. சட்டம் மூடவும் அதுவே நல்ல நேரம். ஐப்பசி மழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுவோம்.

வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டினோம். காற்றுப் போகட்டும் என்று கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு வைத்தேன். பின்தாளை ஒட்டாமல் சிறு ஆணிகளால் நிறுத்தினேன். பழைய ஊசியை எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அதையும் மீதிக் கம்பளி நூலையும் சின்னம்மா தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.