பஞ்சாயத்துக்கு வந்த பட்டாளம்

"அண்ணே, ஈழம் வெள்ளாளன் சண்டை. இந்திய ராணுவம் அங்க போனா என்ன, போகாட்டி என்ன? சேரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

திண்டுக்கல்லில் நடந்த வாசகர் வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி இப்படிக் கேட்டான். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கை எழவில்லை. அவன் கேள்வியில் பாதி நியாயம், பாதி ஆபத்து.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய முயன்ற தாழ்த்தப்பட்ட மக்களை மறித்தது சிங்களவன் இல்லை. யாழ்ப்பாணத்து ஆதிக்கச் சாதி. தமிழ்த் தலைவர் சுந்தரலிங்கமே முன்னால் நின்று மறித்தார். இதை மறந்துவிட்டுத் 'தமிழன்' என்று தோள்மேல் கை போடுகிறவனை நானும் நம்புவதில்லை.

ராணுவம் போனது சரி என்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். 1987 மே மாதம் வடமராட்சியில் சிங்கள ராணுவம் புகுந்தது. இந்தியா தலையிடாவிட்டால் யாழ்ப்பாணமும் போயிருக்கும் என்கிறார்கள். ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் உணவு போட்டபோது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பேப்பரை உரக்க வாசித்த கூட்டத்தில் நானும் சந்தோஷப்பட்டவன்தான். அடுத்த வாதம், புலிகள் ஆயுதத்தை முழுசாக ஒப்படைக்கவில்லை என்பது. உண்மை. அவர்கள் மாற்று இயக்கத் தமிழர்களைக் கொன்றார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விரட்டினார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மூன்றாவது, வடக்கும் கிழக்கும் இணைந்தன, மாகாண சபை வந்தது என்பது.

சரி. இப்போது என் கேள்வி. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்? ராஜீவும் ஜெயவர்த்தனாவும். அடிபட்டவன் கையெழுத்து எங்கே? நம்ம ஊர்ப் பஞ்சாயத்தை நினைச்சுப் பாருங்க தோழர்களே. குடிசை எரிந்தது நம்முடையது. திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிப்பது ரெண்டு பெரியதனக்காரன். நாம் தூரத்தில் நிற்க வேண்டும். தீர்ப்பை ஏற்கலைன்னா அடி. அதற்குப் பெயர் சமாதானம்! ஒப்பந்தத்தோடு சேர்த்த கடிதத்தில் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டார்கள். அப்படியானால் காவல் மக்களுக்கா, துறைமுகத்துக்கா?

அக்டோபரில் 'அமைதிப்படை' போர் தொடங்கியது. 21ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர், நர்ஸ், நோயாளி என்று பார்க்காமல் சுட்டார்கள். குறுக்குச் சண்டையில் சிக்கிச் செத்தார்கள் என்றது ராணுவம். 1999இல் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் செத்தபோது, அவர்களாகவே ஆற்றில் விழுந்தார்கள் என்று சொன்னார்களே, அதே வாய்தான். அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம் என்று நம்மால் பேச முடியுமா?

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த வடக்கு கிழக்கு இணைப்பையும் 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

செத்த இந்தியச் சிப்பாய்கள் 1,100 பேருக்கு மேல். மகர்களைப் பட்டாளத்தில் சேர்க்காமல் ஒதுக்கினான் வெள்ளைக்காரன். அண்ணல் அம்பேத்கர் அதை எதிர்த்து வாதாடினார். 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. அந்தப் பெயர் தாங்கிய படையையும் ஈழத்துக்கு அனுப்பினார்கள். அதன் மேஜர் பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25இல் அங்கே செத்தார். செத்த பிறகு பரம் வீர் சக்ரா. சிப்பாய்மேல் எனக்குக் கோபமில்லை. எதற்காகப் போகிறோம் என்று அவனையும் எவனும் கேட்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியபோதும் யாரும் பதில் சொல்லவில்லை.

சேரிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டாயே தம்பி, 1964ஐப் படி. அன்றைக்கும் ரெண்டு பேர்தான் கையெழுத்து. சாஸ்திரியும் சிறிமாவோவும். தேயிலைத் தோட்டத்து மக்களில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் நம்ம சனம். அப்படி வந்தவர்கள் நம் தலைக்கு மேலே கொடைக்கானல் மலையிலும் கூலிகளாகக் கிடந்தார்கள். கீழே தோட்டனூத்து முகாமில் அகதிகள். 2022இல் வீடு கட்டிக் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஆகவே 'வெள்ளாளன் சண்டை' என்று கை கழுவாதே. அவன் சாதித் திமிரையும் எதிர்ப்போம். நம்மைக் கேட்காமல் நம் பேரில் தீர்ப்பெழுதும் துப்பாக்கியையும் எதிர்ப்போம். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

எந்தப் பட்டாளம் எந்த ஊருக்குள் போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஊரின் கடைசித் தெருவில் இருப்பவனைக் கேட்டார்களா?

அடுத்த கூட்டத்தை ஊருக்குள் வைக்க வேண்டாம். தோட்டனூத்தில் வைப்போம். அவர்கள் பேசட்டும். நாம் கேட்போம்.