மரிய கொரற்றி வாழ்ந்த மண்



புனித மரிய கொரற்றியின் வரலாற்றை நம் குடும்பங்களில் அறியாதார் இலர். ஆனால் அவர் வாழ்ந்த மண்ணின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

உரோமையின் தென்கிழக்கே, லெப்பீனி மலைகளுக்கும் திரேனியக் கடலுக்கும் இடையே கிடக்கும் சமவெளியே பொந்தீனா சதுப்பு நிலம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கடலை நாடி வருகின்றன. கரையோர மணல்மேடுகள் அவற்றை வழிமறிக்கின்றன. சில பகுதிகள் கடல் மட்டத்தினும் தாழ்ந்தவை. எனவே வடிய வழியின்றி நீர் தேங்கிற்று. அதில் கொசு பெருகிற்று. கொசுவோடு மலேரியாவும் குடியேறிற்று.

கி.மு. 312-இல் உரோமையர் இதனூடே ஆப்பிய நெடுஞ்சாலையை அமைத்தனர். நீரை வெல்லவோ அவர்களால் இயலவில்லை. யூலியு சீசர் திட்டம் தீட்டினார்; நிறைவேறுமுன் கொலையுண்டார். திருத்தந்தையருள் 1586-இல் ஐந்தாம் சிக்ஸ்துசும், 1777 முதல் ஆறாம் பத்திநாதரும் கால்வாய்கள் வெட்டுவித்தனர். சில வயல்கள் விளைந்தன. ஆயினும் சதுப்பு முற்றிலும் அகலவில்லை.

மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். காற்றன்று, கொசுவே நோயைப் பரப்புகிறது என இத்தாலிய அறிஞர் 1898-இல் நிறுவினர். அடுத்த ஆண்டே, கொரினால்தோ ஊரைச் சேர்ந்த கொரற்றி குடும்பம் பிழைப்புத் தேடி, இச்சதுப்பின் ஓரத்திலுள்ள லெ பெரியேரேயில் வாரத்திற்கு உழவந்தது. 1900-இல் தந்தை லூயிஜியை மலேரியா கொண்டுபோயிற்று. தாய் அசுந்தா கழனிக்குச் சென்றார். ஒன்பது வயது மரியா வீட்டையும் தம்பி தங்கையரையும் சுமந்தாள். 1902-இல் அவளுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைப் புனிதையென அறிவித்தார்.

1930-களில் இத்தாலிய அரசு பெருங்கால்வாய்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் அமைத்து நிலத்தை உலர்த்திற்று. இன்று லத்தீனா எனப்படும் நகர் 1932-இலும், சபௌதியா 1934-இலும் எழுந்தன. வடக்கிலிருந்து ஏழை உழவர் குடியேற்றப்பட்டனர். ஆனால் 1943, 1944-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியப் படையினர் போர்த் தந்திரமாகப் பொறிகளை நிறுத்தி நிலத்தை மூழ்கடித்தனர். உடனே கொசுவும் திரும்பிற்று; காய்ச்சலும் திரும்பிற்று. போருக்குப்பின் பொறிகள் பழுதுபார்க்கப்பட்டன; கொசுமருந்து தெளிக்கப்பட்டது. 1970-இல் உலக சுகாதார நிறுவனம் இத்தாலியை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

இன்று அங்கே காய்கறித் தோட்டங்கள் செழித்திருக்கின்றன. ஆயினும் நீரிறைக்கும் பொறிகளுக்கு ஓய்வில்லை. அவை நின்றால் தாழ்ந்த வயல்களில் நீர் மீண்டும் ஏறும். அந்த மண்ணை ஒருமுறை மீட்டது போதாது, நாள்தோறும் காக்கவேண்டும்.