ரிமோட் லாக்கில் 'ஒட்டு' வயர்... பியூஸ் இல்லாவிட்டால் உயிருக்கே உலை!

விருதுநகர்:
பழைய கார், வேன் வாங்கியதும் ரிமோட் லாக், அலாரம் மாட்டுவது சகஜமாகிவிட்டது. 'பீப்' சத்தம் கேட்டால் ஓனருக்கு திருப்தி. ஆனால் வயரை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

விஷயம் சிம்பிள் தான். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு குட்டி மோட்டார். 12 வோல்ட் கரண்ட் ஒரு பக்கமாக போனால் பூட்டும். பிளஸ், மைனஸ் மாறி போனால் திறக்கும்.

வில்லங்கம் கரண்ட் எடுக்கும் இடத்தில் தான். வண்டியில் ஏற்கனவே ஓடும் வயரை சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் டேப் பசை இளகி பிரிந்துவிடும். செம்பு கம்பி பாடியில் பட்டால் ஷார்ட். நடுவில் பியூஸ் இருந்தால் அது போய் வண்டி தப்பிக்கும். இல்லாவிட்டால் வயர் பழுத்து எரியும். 'பியூஸ் அடிக்கடி போகுதே' என்று பெரிய பியூஸ் போட்டாலும் இதே கதி தான்.

கேரள மாநிலம் கண்ணூரில் 2023 பிப்ரவரி 2-ந் தேதி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி சென்ற கார் தீப்பிடித்தது. முன்சீட்டில் இருந்த கர்ப்பிணியும் கணவரும் கதவை திறக்க முடியாமல் கருகி பலியானார்கள். பின்சீட்டில் இருந்த 4 பேர் தப்பினர். மின்கசிவாக இருக்கலாம் என்று தான் அதிகாரிகள் முதலில் சந்தேகித்தனர்.

சிவகாசியில் 2016 அக்டோபர் 20-ந் தேதி வேனில் பட்டாசு ஏற்றும்போது ஏற்பட்ட விபத்தை மறக்க முடியுமா? புகையில் சிக்கி பக்கத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள் மூச்சுத்திணறி பலியானார்கள். அதற்கும் லாக் வயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெடி ஏற்றும் ஊரில் ஒரு பொறி போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்போ என்ன செய்யணும்? பேட்டரி பக்கத்திலேயே தனி பியூஸ் போடச் சொல்லுங்கள். டேப் ஒட்டுக்கு பதில் கப்ளர் கேளுங்கள். கதவு கீல் வழியாக போகும் வயருக்கு ரப்பர் குழாய் அவசியம்.

முக்கியமாக, மாட்டி முடித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு கதவை பூட்டுங்கள். பேட்டரி வயரை கழற்றிவிட்டு, உள்ளே இருந்து ஒவ்வொரு கதவையும் கையால் திறந்து பாருங்கள். திறக்காத கதவு இருந்தால் காசு கொடுக்காதீங்க.

பியூஸ் விலை சில ரூபாய் தான். அதில் மிச்சம் பிடித்து உயிரை பணயம் வைக்கலாமா?