உப்பைத் தாங்கும் நெல்லை நம்பி கிணற்றை மறக்கலாமா?

பூம்ப்ளிஸில் பனி கரைந்த பிறகு வீதியோரப் பச்சை வேலிகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வீதிப் பக்கம் உள்ள இலைகள் மட்டும் கருகிக் கிடக்கும். குளிர்காலம் முழுக்க வீதிக்குப் போட்ட உப்பு, வாகனச் சில்லுகளில் பட்டுத் தெறித்த வேலை அது. போன பங்குனியில் அதைக் காட்டியபோது என் மகன் கேட்டான்: "அப்பா, ஊரில கடல் தண்ணிக்குள்ளயே மரம் நிக்குது. அது மட்டும் எப்பிடிச் சாகாமல் இருக்குது?"

நல்ல கேள்வி. ஊரில் காணி வைத்திருக்கிற நாங்களும் கேட்க வேண்டியது.

மண்ணில் உப்புக் கூடினால் செடிக்கு இரண்டு கஷ்டம். பக்கத்தில் தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. உள்ளே போகிற சோடியம் இலையைக் கருக்கிவிடும். இதைச் சமாளிக்க ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. கண்டல் மரம் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே மறித்துவிடும். கண்ணா மரம் உள்ளே வந்த உப்பை இலை வழியே வெளியேற்றும். அந்த இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். உமரி, தன் கலங்களுக்குள் இருக்கும் சிறு பைகளில் உப்பைப் பூட்டி வைக்கும்.

இதெல்லாம் சும்மா நடப்பதில்லை. உப்பை மறிக்கவும் தள்ளவும் செடிக்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி வளர்ச்சியிலும் விளைச்சலிலும் இருந்துதான் போகிறது.

ஊரில் வயல் உவராகிப் போச்சு என்று யாராவது சொன்னால், "அதுதானே உப்பைத் தாங்குற நெல் வந்திட்டுது, அதைப் போடச் சொல்லுங்கோ" என்று இங்கேயிருந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.ரி. 354 போன்ற இனங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் நெல் எந்த இனமானாலும், நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் உப்புக்கு எளிதில் வாடும்.

கேரளத்தின் பொக்காளி நெல்லைப் பாருங்கள். உப்பைத் தாங்குவதில் உலகம் அறிந்த இனம். 2008இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதைக்கூட அங்கே உவர் மண்ணில் அப்படியே விதைப்பதில்லை. மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, மழை உப்பைக் கழுவும் வரை காத்திருந்துதான் விதைக்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு உவர்நீரை உள்ளே விட்டு இறால் வளர்க்கிறார்கள். நெல் தாங்குகிறது என்றால், பின்னால் மழையும் மனித உழைப்பும் இருக்கின்றன.

எங்கட பக்கம் என்ன நடக்கிறது? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிச் சேர்வதுதான் கிணற்றுத் தண்ணீர். அந்த நன்னீர், கீழே உள்ள கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர்க் கணக்குப்படி நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், நாளடைவில் உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலே ஏறும். இது தெரிந்துதான் முன்னோர் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்க அணை கட்டினார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். அது இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. இங்கே உழைத்த காசில் ஊரில் வீடு கட்டுகிறோம். ஆழமாகக் குழாய்க்கிணறு அடிக்கிறோம். முற்றம் முழுக்கச் சீமெந்து போடுகிறோம். வருடத்தில் 3 கிழமை நிற்கப் போகிற வீட்டுக்காக மழைநீர் இறங்கும் வழியை அடைத்துவிட்டு, பக்கத்து வயல்காரனிடம் உப்பு நெல் போடு என்று சொல்வது நியாயமா?

வீடு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முற்றத்தை மண்ணாக விடுங்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிச்சத்தை நிலத்துக்குள் இறக்குங்கள். ஊர்ச் சங்கத்துக்கு அடுத்தமுறை காசு கொடுக்கும்போது, ஒரு பங்கு குளம் தூர்வாரவும் உவர்த்தடுப்பு வரம்பு கட்டவும் போகட்டும்.

மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மரம் தாங்கும், அப்பன். ஆனால் அதுக்கும் ஒரு அளவு இருக்கு. அந்த அளவைத் தாண்டாமல் பார்க்கிறது மனிசற்ற வேலை."