குளிர்நீர்க் குளியலும் தொலைந்துபோன ‘லாம்’ ஈறும்

ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல்கலைக்கழக விடுதிகளில் ஓர் அறிவுரை கைமாறுகிறது. அதிகாலையில் எழுந்து குளிர்ந்த நீரில் குளித்தால் நோய் எதிர்ப்பாற்றல் பெருகும், மனச்சோர்வு நீங்கும், டோபமைன் 250 விழுக்காடு உயரும், தசைகள் வலுப்பெறும், ஒழுக்கம் கைகூடும். அறிவுரையின் இறுதியில் ‘ஆய்வுகள் நிறுவியுள்ளன’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறும். இதைச் சொல்வோருள் ஆய்வு மாணவர்களும் பலர். தம் ஆய்வேட்டில் ஒரு வாக்கியத்துக்கு மூன்று சான்றுகள் கேட்கப்படுவதை நன்கறிந்தவர்கள், குளியலைப் பற்றிப் பேசும்போது ஒரு சான்றைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

குளிர்நீரில் குளிப்பது பலருக்கு இனிய பழக்கம். அதைக் கைவிடச் சொல்ல எக்காரணமும் இல்லை. கேள்வி, அப்பழக்கத்தின்மேல் ஏற்றப்படும் கூற்றுகளைப் பற்றியது. ஆய்விதழிலிருந்து விடுதித் தாழ்வாரம் வரை வந்து சேர்வதற்குள் ஒரு கூற்று சில சிறு சொற்களை இழந்துவிடுகிறது. அச்சொற்கள் போனபின் எஞ்சுவது வேறொரு கூற்று.

முதலில், அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் நெதர்லாந்து ஆய்வு. 2016ஆம் ஆண்டு பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியான இதில், 18 முதல் 65 வயது வரையிலான 3,018 பேர் பங்கேற்றனர். வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 நொடிகள் குளிர்நீரில் நிற்க வேண்டும். இதை 30 நாள் தொடர வேண்டும். ஒரு பிரிவினர் மட்டும் வழக்கம்போலக் குளித்தனர். குளிர்நீர்ப் பிரிவினர் உடல்நலக் குறைவுக்காக எடுத்த விடுப்பு 29 விழுக்காடு குறைந்தது. அறிவுரைகளில் இந்த எண் ‘நோய் 29 விழுக்காடு குறைகிறது’ என்று மாறிவிடுகிறது. ஆனால் அதே ஆய்வில், உடல்நலம் குன்றியிருந்த நாள்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குறைந்தது நோய்விடுப்பு, நோயன்று. அவர்கள் மற்றவர்களைப் போலவே நோயுற்றனர்; நோயோடு வேலைக்குச் சென்ற நாள்கள் கூடின. 30 நொடி நின்றவர்க்கும் 90 நொடி நின்றவர்க்கும் இடையே பயனில் வேறுபாடு இல்லை என்பதும் கவனத்துக்குரியது. துன்பம் நீள நீளப் பயனும் நீளும் என்னும் நம்பிக்கைக்கு இங்கே ஆதரவில்லை. எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதைப் பங்கேற்பாளரிடமிருந்து மறைக்க இயலாத ஆய்வு இது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குளிர்நீர் யாருக்கும் தெரியாமல் மேலே விழுவதில்லை.

‘கூட்டு’ என்னும் ஒரு சொல் ‘நோய்’ என்பதன்மேல் ஒட்டினாலும் பிரிந்தாலும் பொருள் எப்படி மாறும் என்பதை இலக்கணம் படித்தவர்க்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. ‘நோய்விடுப்பு’ என்னும் தொகையிலிருந்து ‘விடுப்பு’ உதிர்ந்ததும் ஒரு மேலாண்மைத் தரவு மருத்துவக் கண்டுபிடிப்பாகிவிட்டது.

அடுத்து, மனச்சோர்வு. ‘குளிர்நீர்க் குளியல் மனச்சோர்வைக் குணப்படுத்தும்’ என்னும் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் 2008ஆம் ஆண்டு நிக்கோலாய் ஷெவ்சுக் எழுதிய கட்டுரை. அது வெளிவந்த ஆய்விதழின் பெயரே ‘மெடிக்கல் ஹைப்பாதிசிஸ்’, அதாவது மருத்துவக் கருதுகோள்கள். அக்காலத்தில் அவ்விதழ் வழக்கமான சக ஆய்வாளர் மதிப்பாய்வுக்குக் கட்டுரைகளை உட்படுத்தவில்லை. புதிய ஊகங்களுக்கு இடமளிப்பதே அதன் நோக்கம். கட்டுரை முன்வைத்த முறை 20 டிகிரி செல்சியஸ் நீரில் 2 முதல் 3 நிமிடம், அதுவும் உடலைப் படிப்படியாகப் பழக்கிய பிறகு. சோதித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர் என்பதையும், அவர்கள் மனச்சோர்வு நோய் உள்ளவர் என வரையறுக்கும் அளவுக்கு அறிகுறிகள் இல்லாதவர்கள் என்பதையும் கட்டுரையின் சுருக்கமே சொல்கிறது. கட்டுரையாளர் மறைக்கவில்லை. மேற்கோள் காட்டியவர்கள் படிக்கவில்லை.

இங்கே தொலைந்தது ஒரு வினை ஈறு. கட்டுரை சொன்னது ‘உதவலாம்’. அடுத்த கை அதை ‘உதவுகிறது’ ஆக்கியது. அதற்கடுத்த கை ‘குணப்படுத்தும்’ என்றது. ‘லாம்’ என்னும் சிறு ஈறு ஐயத்தையும் வாய்ப்பையும் ஒருங்கே சுமப்பது. ‘உம்’ ஈறோ எக்காலத்துக்கும் உரிய இயல்பைச் சொல்வது. ‘நெருப்புச் சுடும்’ என்பதற்கும் ‘நெருப்புச் சுடலாம்’ என்பதற்கும் உள்ள தொலைவு அது. அத்தொலைவை எந்தப் புதிய சோதனையும் கடக்கவில்லை; திரும்பத் திரும்பச் சொன்னதே கடந்தது.

டோபமைன் கூற்றும் இவ்வாறே. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் உடலியங்கியல் ஆய்வில், இளைஞர்கள் சிலர் 14 டிகிரி நீரில் கழுத்துவரை மூழ்கி ஒரு மணிநேரம் இருந்தனர். அவர்களின் குருதி நீரில் டோபமைன் 250 விழுக்காடும் நார்அட்ரினலின் 530 விழுக்காடும் உயர்ந்தன. எண் சரியானது. ஆனால் அது ஒரு மணிநேர மூழ்கலின் எண். இரண்டு நிமிடத் தூவற்குழாயின் எண்ணன்று. மேலும், அளக்கப்பட்டது குருதியில், மூளையில் அன்று. குருதியிலுள்ள டோபமைன் மூளைக்குள் எளிதில் புகாது என்பது மருத்துவ மாணவர் அறிந்த பாடம். தசை வலுப்பெறும் என்பதற்கோ சான்று எதிர்த்திசையில் நிற்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களுள், பயிற்சிக்குப்பின் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் மூழ்கியவர்களின் தசை வளர்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

இனி, ‘குளிர்’ என்னும் சொல்லுக்கு வரலாம். ஆய்வகத்தில் அது ஓர் எண். பேச்சில் அது ஓர் எதிர்ச்சொல். தமிழில் சூடாக்காத நீருக்குப் ‘பச்சைத் தண்ணீர்’ என்றோர் அருமையான பெயர் உண்டு. அது வெப்பநிலையைச் சொல்லவில்லை. அடுப்பேறாத நிலையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘கோல்டு’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்ப்பதால், மொழிபெயர்ப்பில் குழப்பம் நுழைகிறது. நிலத்தடி நீரின் வெப்பநிலை பெரும்பாலும் அவ்விடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியிருக்கும். சென்னையில் அது 28 டிகிரி அளவு. மே மாதத்து நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர் கையைச் சுடும். தில்லியில் சனவரி இரவுகளின் வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். அங்கே அப்போதுதான் அடித்த கைப்பம்பு நீர் வெதுவெதுப்பாகவும், இரவெல்லாம் தொட்டியில் நின்ற நீர் பனிபோலவும் இருக்கும். ஆக, சென்னையிலும் தில்லியிலும் ‘குளிர்ந்த நீரில் குளித்தேன்’ எனச் சொல்லும் இருவர் ஒரே செயலைச் செய்தவர்கள் அல்லர். நெதர்லாந்துக் குளிர்காலத்துக் குழாய் நீர் குறித்த முடிவை இருவர்க்கும் ஒருசேரப் பொருத்துவது முறையாகாது.

மரபை முன்னிறுத்தும் வாதமும் இதே இடத்தில் தடுமாறுகிறது. ‘குளித்தல் என்றாலே குளிர்வித்தல், முன்னோர் அறிந்தே பெயரிட்டனர்’ என்னும் விளக்கம் பரவலாக உலவுகிறது. முத்துக்குளித்தல் என்னும் வழக்கை அது கண்டுகொள்வதில்லை. அங்கே ‘குளி’ என்பதன் பொருள் மூழ்குதல். அவ்விரு சொற்களுக்கும் வேர் உறவு உண்டென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சொல்லின் பிறப்பு மருத்துவச் சோதனையின் முடிவாகிவிடாது. ‘வெந்நீரில் குளித்தான்’ என்பதில் எந்தத் தமிழருக்கும் முரண் தோன்றுவதில்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், கழுத்துக்குக் கீழே வெந்நீர் வலிமை தரும் என்றும், தலைக்கு அதே வெந்நீர் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்றும் பிரித்துரைக்கிறது. மாகம், கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களின் வைகறை நீராடல்கள் புண்ணியத்தை நோக்கியவை. நோய் எதிர்ப்பாற்றல் அவற்றின் பேசுபொருள் அன்று.

குளிர்நீரை ஒரு சிகிச்சை முறையாக வகுத்த இயக்கம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுடையது. சிலேசியாவின் பிரீஸ்னிட்ஸ், பவேரியப் பாதிரியார் செபாஸ்டியன் நைப், லைப்சிக் நகரின் லூயி கூனே ஆகியோர் அதன் முதன்மையர். கூனேயின் நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, அவர் சொன்ன தொட்டிக் குளியல்களைத் தாமும் மேற்கொண்டு, பிறர்க்கும் பரிந்துரைத்தார். 1946இல் புனேக்கு அருகே உருளி காஞ்சனில் அவர் தொடங்கிய இயற்கை மருத்துவ நிலையத்தில் அவ்வழியின் தொடர்ச்சியைக் காணலாம். வெளியிலிருந்து வந்தது என்பதால் அது தாழ்ந்ததாகாது. பழமை என்னும் சான்றிதழை மட்டும் அதற்கு வழங்க இயலாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, குளிப்பவர் குளித்துவிட்டுப் போகட்டுமே எனலாம். கூற்று யாரிடம் சொல்லப்படுகிறது என்பதில்தான் அதற்கான விடை இருக்கிறது. மூன்று வாரமாக அறையைவிட்டு வெளிவராத ஒரு மாணவியிடம், உறக்கம் தொலைத்த ஓர் ஆய்வாளரிடம், ‘ஐந்து மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளி, எல்லாம் சரியாகிவிடும்’ எனச் சொல்லப்படுகிறது. மனச்சோர்வு நோயின் அறிகுறிகளுள் ஒன்றே படுக்கையைவிட்டு எழ இயலாமை. குளிப்பதே பெரும் பாரமாதல். அந்நிலையில் இருப்பவர் முயன்று தோற்றால், குறை மருந்தின்மேல் விழாது, அவர்மேல் விழும். ‘குளிர்ந்த நீரைக்கூடத் தாங்க முடியாதவர்’ என்னும் பழி ஏற்கெனவே தன்னைப் பழித்துக்கொண்டிருக்கும் மனத்தில் இன்னொரு கல்லாக ஏறும். ‘லாம்’ ஈறு தொலைந்ததன் விலையை அவர் செலுத்துகிறார்.

நிறுவனங்களுக்கும் இவ்வறிவுரை வசதியானது. கெட்டுப்போன கீசரைப் பழுதுபார்க்கவும், மாதக்கணக்கில் நிற்கும் உதவித்தொகையை வழங்கவும், போதிய மனநல ஆலோசகர்களை அமர்த்தவும் பணம் வேண்டும். நலவாழ்வுச் சொற்பொழிவுக்கு ஓர் ஒலிபெருக்கி போதும். நெதர்லாந்து ஆய்வில் ஒவ்வொருவர்க்கும் வெந்நீர்க் குழாய் இருந்தது. அதைத் தாமே மூடினார்கள். வெந்நீரே இல்லாத விடுதியில் சனவரியில் குளிப்பவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்னதன் பயனைப் பின்னதற்குச் சான்றாகக் காட்ட இயலாது.

உடல் சார்ந்த எச்சரிக்கையும் உண்டு. திடீரெனக் குளிர்நீர் தோலில் பட்டதும் மூச்சு அடக்க இயலாமல் இழுக்கும். இதயத்துடிப்பும் குருதி அழுத்தமும் எகிறும். குளிர் அதிர்ச்சி எனப்படும் இவ்வெதிர்வினை நலமுள்ள இளைஞர்க்குச் சில நிமிடத்தில் தணியும். சில நாள் பழகினால் பெருமளவு மட்டுப்படும். இதயநோய் அல்லது உயர் குருதி அழுத்தம் உள்ளவர்க்கும், குளிரில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் ரேனோ நோய் உள்ளவர்க்கும் அது விளையாட்டன்று. மருத்துவரைக் கேட்ட பிறகே முயல வேண்டும். மாணவர்கள் இவ்வறிவுரையை ஊரிலுள்ள அறுபது வயதுப் பெற்றோருக்கும் அனுப்புகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சுவது என்ன? சிறிதேனும் உண்டு. 2025இல் பிளாஸ் ஒன்னில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 11 ஆய்வுகளில் பங்கேற்ற 3,177 பேரின் தரவை ஆராய்ந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மேற்சொன்ன நெதர்லாந்து ஆய்வினரே. குளிர்நீருக்குப்பின் 12 மணிநேரம் கழித்து மன அழுத்தம் குறைந்ததற்குச் சான்று கிடைத்தது; மனநிலை மேம்பட்டதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எனவே, நலமுள்ள ஒருவர் குளியலின் கடைசி 30 நொடி குளிர்நீரில் நின்று பார்க்கலாம். புத்துணர்ச்சி தோன்றலாம், அன்றைய நாள் சற்று இலகுவாகலாம். பிடிக்காவிட்டால் குழாயை மூடிவிடலாம். இவ்வாக்கியங்கள் ‘லாம்’ என்றே முடிகின்றன. சான்று அனுமதிப்பது அவ்வளவே.

மனச்சோர்வில் இருப்பவர்க்குச் சொல்ல வேண்டியது வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவத்தை ஒவ்வொருவரின் உரிமையாக வகுத்திருக்கிறது. நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணைக் கொடுப்பதும், அவரோடு மருத்துவமனை வரை உடன்செல்வதும், தேவைப்பட்டால் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைப்பதும் பக்கத்து அறைக்காரர் செய்யக்கூடியவை.